வெள்ளகவிப் பிள்ளைகளை எண்ணும்போது

மலைப் பள்ளிகளின் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும் கல்வி அலுவலர்களுக்கும், கொடைக்கானல் ஒன்றியத்தின் மக்கள் பிரதிநிதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வெள்ளகவி, பழனி மலையின் தெற்குச் சரிவில், கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே தொங்கும் ஊர். வட்டக்கானலைத் தாண்டி, டால்பின் நோஸ் பாறைக்குக் கீழே இறங்கும் காட்டுப் பாதை அங்கே கொண்டுபோய் விடுகிறது. அதே பாதையில் மேலும் இறங்கினால் கும்பக்கரை வரும். காப்பியும் எலுமிச்சையும் பட்டர் புரூட்டும் விளையும் இந்த ஊர் பல தலைமுறைகளாக வண்டிச் சாலை இல்லாமலே வாழ்ந்தது. விளைச்சல் குதிரை முதுகில் போனது, அரிசி குதிரை முதுகில் வந்தது, நோயாளி டோலியில் போனார். கோயில்கள் சூழ்ந்த ஊர் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நிர்வாகத்தில் இது திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். சந்தைக்கு இறங்கினால் கால் வைப்பது தேனி மாவட்டத்தில்.

உங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் இதில் எதற்கும் இடமில்லை. பள்ளியின் பெயர், வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் பணியிடம், அவ்வளவுதான். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் நகரத்துப் பள்ளிக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள் படிக்கும் மலைப் பள்ளிக்கும் ஒரே படிவம். நிர்வாகத்துக்குப் படிவம் தேவை, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து மலைப் பள்ளி நன்றாக நடக்கிறதா, நடக்கத் தகுதியானதா என்று தீர்மானிக்கும்போது, அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை நீங்கள் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி அமைப்பதற்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல், 300 பேர் வாழும் குடியிருப்பு, ஒரு கிலோமீட்டருக்குள் வேறு பள்ளி இல்லாமை. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 30-ஐ ஒட்டி இருந்தது. அன்று 300 பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்திருப்பார்கள். ஐந்து வகுப்புகளையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல். 2020-இல் அந்த விகிதம் ஆயிரத்துக்கு 14 அளவுக்கு இறங்கிவிட்டது. அதே 300 பேருக்கு ஆண்டுக்கு நான்கு குழந்தைகள், ஐந்து வகுப்புக்கும் இருபது. ஊரில் 500 பேர் இருந்தால் முப்பத்தைந்து. ஒரு குழந்தைகூட விடுபடாமல் எல்லாரும் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தால் கிடைக்கும் உச்ச அளவு இது. ஆக, அரசு தானே வகுத்த அளவுகோலின்படி முறையாக அமைந்த பள்ளிகூட இன்று இருபது பிள்ளைகளோடுதான் நடக்க முடியும். குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அந்த வெற்றிக்கான தண்டனையை மலை ஊர்களின் பள்ளிகள் சுமப்பது நியாயமாகாது.

இந்த நிலை வெள்ளகவிக்கோ கொடைக்கானல் ஒன்றியத்துக்கோ மட்டும் உரியதும் அன்று. 2016-17 கணக்கின்படி இந்தியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் முப்பதுக்கும் குறைவான பிள்ளைகளே இருந்தார்கள். ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆவணமே இந்த எண்களைத் தருகிறது. நான்கு பள்ளிக்கு ஒன்றுக்கு மேல் சிறிய பள்ளி என்றால், சிறிய பள்ளியை எப்படி நல்ல பள்ளியாக நடத்துவது என்பது கல்வித் துறையின் மையமான வேலைகளுள் ஒன்று. ஓரத்தில் கிடக்கும் தொல்லையாக அதைக் கருத முடியாது.

தேர்ச்சி, அடைவுத்திறன் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். மூன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள் இருக்கும் பள்ளியில், ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினால் அடைவு 25 விழுக்காடு சரிகிறது. அடுத்த ஆண்டு கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால் பள்ளி ஒரேயடியாக முன்னேறிவிட்டதாகத் தெரிகிறது. இரண்டும் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான்கு பேர் உள்ள வகுப்பில் விழுக்காட்டுக்குப் பொருளே இல்லை. அங்கே பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்: இந்தப் பிள்ளை ஜூன் மாதத்தில் எங்கே நின்றது, மார்ச்சில் எங்கே நிற்கிறது?

இனி, அந்த இருபதும் முப்பதும் ஏன் இன்னும் சுருங்குகின்றன என்பதைப் பார்க்கலாம். பாதை முதல் காரணம். இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. 1821-இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு பழனி மலையை அளக்க வந்தபோது, குன்னுவர் மக்களின் ஊரான வெள்ளகவியில்தான் தங்கினார். அங்கிருந்துதான் மேலே ஏறி, பின்னாளில் கொடைக்கானலாக ஆன இடத்தை அடைந்தார். அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் ஏறும் சாலை வத்தலக்குண்டுப் பக்கமாக அமைந்தது. கொடைக்கானல் நகரமானது. மலை உச்சியில் 1901-லேயே, பின்னாளில் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்த ஒரு பள்ளி தோன்றியது, 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. நகரத்துக்கு முன்பே இருந்த, நகரத்துக்கு வழிகாட்டிய ஊரோ சாலையில்லாத சரிவில் அப்படியே நின்றுவிட்டது. வெள்ளகவி மக்கள் ஒதுங்கிப் போய்க் காட்டுக்குள் குடியேறியவர்கள் அல்லர். வழி எங்கே அமையும் என்று முடிவெடுத்தவர்கள் வேறு யாரோ. அந்த முடிவின் விளைவுகளில் ஒன்றுதான் இன்று உங்கள் பட்டியலில் சிறிய எண்ணாக வந்து நிற்கிறது.

சாலை வேண்டும் என்பது ஊரின் நெடுநாள் கோரிக்கை. அது வனத்துறை, வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சித் துறை எனப் பல கைகளில் இருக்கும் காரியம். சாலை வரும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாண்டு காத்திருப்பு என்பது தொடக்கக் கல்வி முழுவதையும் இழப்பது.

அடுத்த காரணம் ஆசிரியர். சமவெளிப் பள்ளியில் ஆசிரியர் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். செங்குத்தான காட்டுப் பாதையில் மணிக்கணக்கில் நடந்து போய்ப் பாடம் நடத்திவிட்டு அன்றே திரும்புவது மனித உடலுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆசிரியர் ஊரில் தங்கியாக வேண்டும். தங்க வீடு வேண்டும், கழிப்பறை வேண்டும், பெண் ஆசிரியர் என்றால் பாதுகாப்பும் துணையும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஓர் இடைநிலை ஆசிரியரை அங்கே அனுப்பிவிட்டு, அவர் முதல் வாய்ப்பிலேயே மாறுதல் வாங்கிப் போனால் அவர்மீது பழி சொல்வது முறையன்று. குறுவளமையக் கூட்டம், பயிற்சி, சம்பளம் சார்ந்த அலுவல், உடல்நலக் குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் மலையேற வேண்டும். கூட்டம் அரை நாள்தான். போகவும் வரவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் பள்ளிக்கு அது இரண்டு நாள் இழப்பு. இருப்பது ஒரே ஆசிரியர் என்றால் பள்ளி பூட்டியிருக்கும்.

பெற்றோர் கவனிப்பது அந்தப் பூட்டைத்தான். பள்ளியின் தரம் பற்றி அவர்களுக்கு யாரும் அறிக்கை அனுப்புவதில்லை. வாரத்தில் எத்தனை நாள் கதவு திறந்திருந்தது என்பதே அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல், அது நல்ல அளவுகோலும்கூட. கதவு திறக்கும் என்ற நம்பிக்கை போனதும், சொந்தக்காரர் வீடு இருக்கும் குடும்பம் பிள்ளையைப் பெரியகுளத்துக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்பும். அல்லது தாயும் பிள்ளையுமாக இறங்கி வாடகைக்கு வீடு பார்க்கும். எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்ததால் பணியிடம் உபரி என்று கணக்காகும். உபரியானதால் பணிநிரவலில் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார். மறுபடி கதவு பூட்டப்படும். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரத்தை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்யப்படுகிறது. அந்த ஒரு நாள் எண் அடுத்த ஆண்டின் பள்ளியைத் தீர்மானிக்கிறது, அடுத்த ஆண்டின் பள்ளி அதற்கடுத்த ஆகஸ்டின் எண்ணைத் தீர்மானிக்கிறது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் இந்த வட்டத்தை, ஏதேனும் ஓரிடத்தில் அறுக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. பெற்றோரால் முடியாது. தனியொரு ஆசிரியராலும் முடியாது.

சட்டம் உங்கள் கையைக் கட்டவில்லை, வலுவாகவே தாங்குகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று வகுக்கிறது. அதில் கீழ் வரம்பு இல்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு ஆசிரியர்கள்தான். ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்பதும் அதே அட்டவணையில் உள்ளது. அந்தச் சட்டத்தின் கீழ் 2010-இல் வந்த மத்திய விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. கடினமான நிலப்பகுதி, நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை போன்ற ஆபத்துகள் உள்ள இடங்களில், பொதுவான தூர வரம்பைக் குறைத்தாவது பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லாத இடத்தில் பள்ளி அமைய வேண்டும் என்கின்றன. பழனி மலையின் சரிவைப் பார்த்துவிட்டே எழுதியதுபோன்ற விதி அது. மழைக்காலத்தில் ஓடை பெருகும், பாறை வழுக்கும், அட்டை ஏறும் பாதையில் ஆறு வயதுப் பிள்ளையை நடக்கவிட வேண்டாம் என்பதே அதன் உள்ளடக்கம்.

இதனால்தான் சிறு பள்ளிகளை வேறு பள்ளியோடு இணைக்கும் யோசனை மலையில் பொருந்துவதில்லை. சமவெளியில் இரண்டு சிறு பள்ளிகளை இணைத்தால், பிள்ளைகள் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். வேன் ஏற்பாடு செய்யலாம், சைக்கிளில் போகலாம். அந்த இணைப்பிலும் இழப்பு உண்டு, ஆனாலும் அது விவாதிக்கத் தக்க யோசனை. வெள்ளகவி போன்ற ஊரில் தொடக்கப் பள்ளியை வேறொன்றோடு இணைப்பது என்றால், ஐந்து வயதுக் குழந்தையை விடுதியில் சேர்ப்பது என்று பொருள். அல்லது குடும்பமே தோட்டத்தை விட்டு இறங்குவது என்று பொருள். காப்பி பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் தோட்டத்தை விட்டுவிட்டு ஒரு குடும்பம் எப்படி இறங்கும்? பிள்ளையைப் படிக்கவைக்க ஊரைக் காலி செய், ஊரில் வாழ்ந்தால் படிப்பை விட்டுவிடு என்று எந்த அரசும் வாய்விட்டுச் சொல்லாது. பள்ளிக் கதவு மூடப்பட்டால் அது சொல்லாமல் சொன்னதாகிவிடும். 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்றத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. ஒரு பள்ளி பூச்சியத்தை அடைவதற்கு முன் பத்து, ஏழு, நான்கு என்று இறங்கிய ஆண்டுகள் இருக்கும். அந்த ஆண்டுகளில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவார்கள் என்ற கேள்வி எழும். அதற்குத் தமிழ்நாடு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில், சிற்றூர்களின் பல்வகுப்புப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையிலிருந்துதான் நமது செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. ஏணியில் எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அந்தப் படிக்குரிய அட்டையை எடுத்துப் படிக்கும், எந்த வகுப்பு என்பது இரண்டாம் கேள்வி. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே பிள்ளைகளைப் பிரிக்கிறது. சிறு பள்ளிக்கென்றே பிறந்த முறை பெரிய பள்ளிகளுக்குப் போய், சிறு பள்ளி இப்போது அந்த முறையின் எல்லைக்கு வெளியே நிற்பதுபோல் ஆகிவிட்டது வருத்தம் தரும் செய்தி.

கொலம்பியாவின் மலைக் கிராமங்களில் 1970-களில் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா' பள்ளிகள் இன்னும் நல்ல சான்று. ஓரிரு ஆசிரியர்கள், கலந்த வகுப்புகள், தாமே படித்துக்கொள்ள உதவும் பாட ஏடுகள், பிள்ளைகளே நடத்தும் மாணவர் மன்றம், பெற்றோர் வாழ்க்கையோடு பிணைந்த பாடம் என்பது அவற்றின் அமைப்பு. அவையும் காப்பி விளையும் மலைகளில் நடக்கும் பள்ளிகள். 1990-களின் இறுதியில் யுனெஸ்கோ லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒப்பிட்டபோது, கொலம்பியாவில் மட்டும் கிராமப் பள்ளிகள், பெருநகரங்கள் நீங்கலாக, நகரப் பள்ளிகளை மிஞ்சி நின்றன. சிறிய பள்ளியில் அண்ணன் தம்பிக்குச் சொல்லித்தருவதை ஒழுங்கீனமாகப் பார்க்காமல் பாட முறையாக மாற்றிக்கொண்டதன் பயன் அது. ஜப்பான் 1954-லேயே ஒதுக்குப்புறப் பகுதிகளின் கல்விக்கென்று தனிச் சட்டம் இயற்றி, அங்கே பணிபுரியும் ஆசிரியருக்குத் தங்குமிடம் அமைப்பதை அரசின் கடமையாக்கியது. போரில் நொறுங்கி எழுந்துகொண்டிருந்த நாடு அது. வசதி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடவில்லை.

பள்ளியில் போடும் சோற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவிலும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவிலும், 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் நீங்களும் உங்களுக்கு முன்னிருந்தவர்களும் காட்டிய உறுதி உலகம் அறிந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு உணவை மறுத்ததில்லை. பசி என்று வந்தபோது, பத்துப் பேருக்காக உலை வைப்பது வீண் என்று யாரும் வாதிட்டதில்லை. எழுத்துக்கும் அதே மனம் வேண்டும் என்பதே இந்த மடலின் வாதம்.

பேசப்படாத ஒரு கசிவு ஆறாம் வகுப்பில் இருக்கிறது. உள்ளூரில் ஐந்து முடித்த பிள்ளை மேலேயோ கீழேயோ போய், விடுதியில் தங்கித்தான் தொடர முடியும். அந்தக் கோடையில்தான் பலவும் முடிவாகின்றன. விடுதியில் இடம் கிடைக்குமா, பெண் பிள்ளையை விடுவதா, அப்பாவோடு தோட்டத்துக்குப் போகட்டுமா? கீழே பெரியகுளத்தில் சேர்ந்த பிள்ளை தேனி மாவட்டக் கணக்கில் ஏறும். திண்டுக்கல் மாவட்டத்துக்கு அது வெளியேறிய பிள்ளை. சேர்ந்ததா, சேராமல் நின்றதா என்று இரு மாவட்டமும் கலந்து பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் தகவல் மேலாண்மை அமைப்பான எமிஸில் ஓர் எண் இருக்கிறது, மாவட்டம் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஐந்தாறு பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புவரை பின்தொடர ஒரு அலுவலருக்கு ஒரு பிற்பகல் போதும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், மலைப் பள்ளி எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கும்: இங்கே தொடங்கிய எத்தனை பேர் அங்கே முடித்தார்கள்?

பெற்றோரையும் இதில் சேர்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது சட்டம். இருபது பிள்ளைகள் படிக்கும் ஊரில் அந்தக் குழு ஏறத்தாழ ஊரேதான். எந்த வாரம் காப்பிப் பறிப்பு உச்சத்தில் இருக்கும், எந்த ஓடை எப்போது பெருகும், ஆசிரியருக்கு எந்த வீட்டை ஒதுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கும் சடங்காக அந்தக் கூட்டம் சுருங்கிவிடாமல், ஆண்டின் வேலை நாள்களையே அவர்களோடு உட்கார்ந்து வகுக்கலாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வெள்ளகவி, சின்னூர், பெரியூர் போன்ற, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே அடைய வேண்டிய ஊர்களின் தொடக்கப் பள்ளிகளைத் தனிப் பட்டியலாகப் பிரியுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள பள்ளிகளுக்குச் சேர்க்கை எதுவானாலும் இரண்டு ஆசிரியர் பணியிடங்கள் நிலையானவை, பணிநிரவலுக்கும் மாற்றுப்பணிக்கும் உட்படாதவை என்று எழுத்தில் ஆணையிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பள்ளியை விட்டு வெளியே போகாதபடி பயிற்சிகளையும் கூட்டங்களையும் மாற்றி அமையுங்கள். பணியேற்கும் முன்பே ஊருக்குள் இரண்டு ஆசிரியருக்கு வீடு கட்டித்தாருங்கள், அதற்கான செலவைப் பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிடுங்கள். பல்வகுப்புக் கற்பித்தலில் தனிப் பயிற்சி தந்து, மூன்றாண்டு பணி முடித்தவருக்கு அடுத்த மாறுதல் கலந்தாய்வில் விரும்பிய இடத்தில் முன்னுரிமை கொடுங்கள். விருப்பமுள்ளவர் வருவார்கள், வந்தவர் தங்குவார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு மார்ச் மாதத்திலேயே, ஊரார் விரும்பும் பக்கம் கொடைக்கானலிலோ பெரியகுளத்திலோ, ஒரே விடுதியில் சேர்ந்து தங்க இடம் ஒதுக்குங்கள். தனியாகப் போகும் பிள்ளை பாதியில் திரும்பிவிடும், நான்கு பேராகப் போனால் ஒருவருக்கொருவர் துணை. திண்டுக்கல், தேனி இரு மாவட்டக் கல்வி அலுவலகங்களும் அந்தப் பிள்ளைகளின் எமிஸ் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை ஒப்பிட்டு, விடுபட்ட பெயரைக் குடும்பத்தோடு பேசிக் கண்டுபிடிக்கட்டும்.

இவற்றுள் ஆசிரியர் பணியிட ஆணை முதலில் வர வேண்டும். ஆகஸ்ட் 1-ஆம் தேதிப் பணியாளர் நிர்ணயத்துக்கு முன்பே, வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் இரண்டு ஆசிரியரும் ஊரில் இருக்கும்படி அந்த ஆணையைப் பிறப்பியுங்கள்.